ஒரே நம்பரில் இரண்டு கம்ப்யூட்டர்

எல்லோரும் சௌக்கியம்தானே? முட்டிவலிக்காரர்கள் காலை நீட்டிக்கொண்டே படிக்கலாம். என் மருமகளின் அப்பா, அதாவது என் சம்பந்தி, எங்கள் வீட்டுக்கு வந்து நெட்வொர்க் போட்ட அழகைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு செரிக்காது.

மருமகளுக்கு எம்பிராய்டரி தொழில். சட்டைப் பையில் வரும் சின்னம், தொப்பியில் கம்பெனிப் பெயர், இப்படி ஆர்டர் எடுத்துச் செய்வாள். முன்னறைக் கம்ப்யூட்டரில் டிசைன் வரைவாள். பின்னறையில் தையல் மெஷின். அதோடு கூடப் பிறந்தது போல இன்னொரு கம்ப்யூட்டர். இரண்டுமே கிழடுகள். பின்னறைக் கிழட்டுக்கு ஃபிளாப்பியைத் தவிர வேறு எதுவும் வாயில் இறங்காது. அந்த வாயும் போன வாரம் அடைத்துக்கொண்டது. டிசைன் இந்தப் பக்கம், மெஷின் அந்தப் பக்கம், நடுவில் சுவர்.

ரிப்பேர் கடைக்காரர் கேபிளும் ஒரு சின்னப் பெட்டியும் கொடுத்தார். "ரெண்டையும் இதுல இணைச்சா டிசைன் நேரா அந்த ரூமுக்குப் போயிடும். நாளான்னைக்கு வந்து மாட்டித் தரேன்" என்றார்.

அதற்குள் சம்பந்திக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. அவர் ஏதோ ஆபீசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டர் இருந்த அறைக்கு அடுத்த அறையில் அவர் நாற்காலி இருந்ததாம். அதனால் கம்ப்யூட்டர் தெரியும் என்பது அவர் கணக்கு.

வந்ததும் வராததுமாக, "இன்னைக்கு சரியானா ஆச்சு. இல்லேன்னா மெஷினைக் குடுத்துடலாம்மா. என் தம்பிகிட்ட பேசிட்டேன், சாயங்காலம் வண்டி அனுப்பறான். நீயும் அவன் தையல் கடைக்கே வேலைக்குப் போயிடு" என்றார்.

மருமகள் முகம் விழுந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்பே தேடி அலைந்து வாங்கி, தானே எண்ணெய் போட்டுக் காப்பாற்றிய மெஷின் அது. ஆனால் அப்பா எதிரில் அவளுக்கு வாய் வராது. எனக்கு வரும். சம்பந்தியாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சம்பந்தி கேபிளை மாட்டினார். முன்னறைக் கம்ப்யூட்டர் தனக்கொரு அடையாள நம்பர் கேட்டது. கொடுத்தார். பின்னறைக்குப் போய் அதற்கும் அதே நம்பரைத் தட்டினார்.

"ரெண்டுக்கும் ஒரே நம்பரா சம்பந்தி?" என்றேன்.

"ஒரே வீட்டுல இருக்கறதுக்கு எதுக்கு சம்பந்தியம்மா ரெண்டு நம்பர்? இதெல்லாம் டெக்னிக்கல். உங்களுக்குப் புரியாது."

முன்னறைத் திரையில் ஒரு குட்டிக் கட்டம் எழும்பியது. எழுந்த வேகத்திலேயே டக்கென்று அதை மூடினார்.

"ஏதோ எழுதியிருந்துதே?"

"சும்மா வரும். வந்தா மூடிடணும்."

மறுபடி வந்தது, மறுபடி மூடினார். ஆபீசிலும் வந்த காகிதத்தையெல்லாம் இப்படித்தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டுத் தள்ளியிருப்பார். டிசைன் மட்டும் சுவரைத் தாண்டவில்லை. கேபிள் மட்டம் என்றார். பெட்டி போலி என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"காலையில தரையைத் துடைச்சீங்களா? ஈரம் ஏறியிருக்கும்."

"ஆமா சம்பந்தி. துடைக்காம விட்டிருந்தா இந்நேரம் ஓடியிருக்கும்" என்றேன். அவருக்கு அது உறைக்கவில்லை. தலையை ஆட்டி ஆமோதித்தார்.

வாசலில் ஹாரன் கேட்டது. வண்டி வந்துவிட்டது.

"என்னாலயே முடியலேன்னா யாராலயும் முடியாது. போம்மா, மெஷினைக் கழட்டு" என்றார். மருமகள் நகரவில்லை. திரையில் அந்தக் கட்டம் மறுபடி எழும்பியது. அவர் கை மவுசுக்குப் போனது. மருமகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கையை எடுங்கப்பா."

"என்னம்மா இது?"

"எடுங்க. நான் படிக்கணும்."

அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை போலிருக்கிறது. கை தானாக விலகியது. அவள் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள்.

"அத்தை, இந்த நம்பர் ஏற்கெனவே இன்னொரு கம்ப்யூட்டர்கிட்ட இருக்காம். ரெண்டும் மோதுதாம்."

ஒரு உறைக்குள் இரண்டு கத்தி. அதைத்தான் அந்தப் பாவப்பட்ட கம்ப்யூட்டர் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. மருமகள் முன்னறைக் கம்ப்யூட்டரின் நம்பரில் கடைசி எண்ணை மட்டும் மாற்றிவிட்டு டிசைனை அனுப்பினாள். பின்னறைக்கு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் டகடகவென்று ஊசி இறங்கும் சத்தம் கேட்டது.

வாசலுக்கும் அவளே போனாள். "சித்தப்பாகிட்ட சொல்லிடுங்கண்ணே, மெஷினுக்கு இங்கயே வேலை இருக்கு" என்று வண்டிக்காரரிடம் சொன்னது உள்ளே வரை கேட்டது. வந்த வண்டி காலியாகத் திரும்பியது.

சம்பந்தி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நான் வேணும்னுதான் அப்படி விட்டேன் சம்பந்தியம்மா. அவளா கண்டுபிடிக்கறாளான்னு பாத்தேன்."

"அப்போ அந்த வண்டி?"

"அதுவும் ஒரு பரீட்சைதான்."

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

மருமகள் அன்று முதலில் தைத்தது ஆர்டர் துணியை அல்ல. ஒரு துண்டுத் துணியில் சிவப்பு நூலால் 'படித்துவிட்டு மூடவும்' என்று தைத்து, முன்னறைக் கம்ப்யூட்டர் நெற்றியில் ஒட்டிவிட்டாள். அடுத்த முறை சம்பந்தி வந்தபோது அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். சரி, இப்போதாவது புத்தி வந்ததே என்று நினைத்தேன்.

"நூல் கலர் நல்லா எடுப்பா இருக்கும்மா" என்றார்.

அதையும் படிக்கவில்லை மனுஷன்.

உங்கள் வீட்டிலும் இப்படி எல்லாம் தெரிந்த ஒரு ஜீவன் இல்லாமலா இருக்கும்? சித்தப்பாவோ, மச்சானோ, பக்கத்து வீட்டுக்காரரோ, எதைப் பிரித்துப் போட்டார், யார் தலையில் பழியைப் போட்டார் என்று எனக்கு எழுதுங்கள். கடைசி வரி வரை படிப்பேன். நான் என்ன, சம்பந்தியா?