ஆகஸ்ட்டு மாதத்துக் கன்னி

மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு படங்கள். மேலே மேகத்தில் ராசி, கீழே அந்த மாதத்து வயல் வேலை. ஆண்ட்வெர்ப் நகரத்துப் பணக்கார வீடுகள் சுவரில் ஒட்ட இதைத்தான் கேட்கும். ஆகஸ்ட்டுக்கான செப்புத் தகட்டைச் செதுக்கி முடித்த மாய்கென், பார்வைக்கு ஒரு தாள் அச்செடுத்துக் கொடுத்தாள்.

அச்சக முதலாளி கொம்மார் தாளை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தார்.

"யாரு இது?"

"கன்னி ராசிங்க."

"சட்டைக் கையைச் சுருட்டிக்கிட்டு, மூஞ்சியெல்லாம் வெயில்ல வெந்துபோய். கோதுமை அறுக்கிறவளைக் கொண்டுபோய் வானத்துல உக்கார வச்சிருக்கே."

"கன்னி கையில கதிர் இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க. அறுக்காமலா கைக்கு வந்துச்சு?"

அச்சுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த ஆர்ட், சிரிப்பை மறைக்க இருமினான்.

"வாங்குறவங்க நிலத்துக்காரங்கம்மா. அவங்க கூலிக்காரியை அவங்களே அண்ணாந்து பாக்கணுமா? தகட்டுல அவளைச் சுரண்டிட்டுப் பட்டுடுத்தின சீமாட்டியா மாத்து. பிராங்ஃபர்ட் சந்தைக்கு வண்டி கிளம்பப் போகுது."

கோடையில் அம்மாவோடு மாய்கென் அறுப்புக்குப் போன வயல்களில், ஒரு நிலத்துக்காரரும் அவர்கள் முகம் பார்த்துப் பேசியதில்லை. அவள் சுரண்டியை எடுத்தாள்.

மறுநாள் புதுத் தாளைப் பார்த்த கொம்மார் அப்படியே நின்றுவிட்டார். மேலே கன்னி அதே வெயில் முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். கீழேதான் அறுக்கிறவர்கள் ஒருவரும் இல்லை. கோதுமை அறுபடாமல் நின்றது. குதிரைமேல் நிலத்துக்காரர் மட்டும் ஆளில்லாத வயலைப் பார்த்து விரலை நீட்டி அதட்டிக்கொண்டிருந்தார்.

"ஆளுங்க எங்கடி?"

"வேலைக்கு வரலைங்க. மேல ஒருத்தி இருக்கக் கூடாதுன்னா கீழயும் யாரும் இருக்க மாட்டாங்க."

"இப்பவே உன்னை வெளிய அனுப்பிருவேன்."

"அனுப்புங்க. பதினோரு மாசத்தை வித்துக்குங்க."

"ஜூலையில இருந்து நேரா செப்டம்பருக்குக் குதிச்சா, ரொட்டிக்கு எங்க போறதுன்னு கேப்பாங்க முதலாளி," என்றான் ஆர்ட்.

"உன்னை யாராவது கேட்டாங்களா?"

கொம்மார் வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"அவ சட்டைக் கையையாவது இறக்கி விடு."

"மாட்டேங்க."

"சரி, இருந்து தொலையட்டும். கீழ ஆளுங்களைக் கொண்டு வா. சீக்கிரம்."

அவர் போனதும் மாய்கென், ஆட்களை மறுபடி செதுக்குவதற்காகத் தகட்டைக் குப்புறப் போட்டு, சுரண்டிப் பள்ளமான இடங்களைப் பின்பக்கமிருந்து சுத்தியலால் தட்டி எழுப்பத் தொடங்கினாள்.

"குதிரைக்காரர் விரலை நீட்டிக்கிட்டே இருக்காரே, அக்கா," என்றான் ஆர்ட்.

"நீட்டட்டும். இந்தத் தடவை எல்லாரும் அவருக்கு முதுகைக் காட்டித்தான் நிப்பாங்க."