மூக்கு முன்னால் வரும் லென்ஸ்

டெலி லென்ஸை மாட்டிய கேமராவோடு பின்பக்கமாகவே நடந்து, வாசலைத் தாண்டி, எதிர்வீட்டுக்குள்ளேயே போய்விட்டாள் மகள்.

"இன்னும் பின்னாடி போ!" என்று கட்டிலில் இருந்து அப்பா அதட்டினார். இன்றோ நாளையோ என்று டாக்டர் கைவிரித்துவிட்ட மனிதருக்கு அதட்டலில் மட்டும் குறைச்சல் இல்லை.

ஆயுசு முழுக்கக் கல்யாணங்களைப் படம் எடுத்தவர். தன் கடைசிப் படத்தைத் தள்ளி நின்று டெலி லென்ஸில்தான் எடுக்க வேண்டும் என்பது அவர் உத்தரவு. கிட்டே போய் வைட் லென்ஸில் எடுத்தால் முன்னால் இருப்பது பெருத்துத் தெரியும். அவரிடம் முன்னால் இருப்பது மூக்கு.

"வைட்ல எடுத்தா மூக்கு முதல்ல வந்துரும். நான் பின்னாடி மெதுவா வருவேன்."

"இந்த மூக்கப் பாத்துட்டுத்தானே கழுத்த நீட்டினேன்," என்றாள் அம்மா, தலையணையைச் சரிசெய்தபடி.

எதிர்வீட்டு அக்கா அடுப்பை அணைத்துவிட்டு இடம் கொடுத்தாள். லென்ஸ் வழியே அப்பா அழகாகத்தான் இருந்தார். மூக்கு அடக்கமாக இருந்தது. அவர் உதடு அசைந்தது, அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். மகளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இருக்கிற கொஞ்ச நேரத்தை அடுத்தவர் அடுப்படியில் கழிக்கிறோமே என்று பட்டது. நாலு படம் எடுத்துவிட்டு ஓடி வந்தாள். வைட் லென்ஸை மாட்டி, கட்டிலில் ஏறி, ஒரு கையை மெத்தையில் ஊன்றிக்கொண்டாள்.

"மூக்கு..." என்றார் அப்பா.

"வந்தா வரட்டும்ப்பா. எனக்கு உங்க பக்கத்துல இருக்கணும்."

"சரி, சிரிச்சுத் தொலைக்கிறேன். எடு."

அன்று சாயங்காலம், பேச்சுக்கு நடுவிலேயே போய்விட்டார்.

வருகிறவர்கள் பார்க்க எதை வைப்பது, தள்ளி நின்று எடுத்ததில் நல்லதையா, கிட்டே எடுத்ததையா என்று மகள் தவித்தாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவரு யாரோ பெரிய மனுஷன். நம்ம ஆளு இதுல இருக்காரு."

"அப்பா திட்டுவாரேம்மா."

"திட்டட்டுமே. கேட்டு எவ்வளவு நேரமாச்சு."

படம் பெரிதாகி வந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் முகத்தை இறுக்கிக்கொண்டு நுழைந்தார்கள், மூக்கைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கூட்டம் குறைந்ததும் மகள் கிட்டே போய்ப் பார்த்தாள். வைட் லென்ஸ் ஓரத்தில் கிடந்ததையும் சேர்த்து அள்ளி வந்திருந்தது. கீழ் மூலையில் அவளுடைய சட்டைக் கை தெரிந்தது. அதை அப்பாவின் விரல்கள் கெட்டியாகப் பிடித்திருந்தன.