நீலத் தவளை

பூம்பாறைக்கு மேலே சோலைக்காட்டில் இரண்டு மழைக்காலம் அட்டைக்கடி பட்டுத்தான், பிஎச்.டி. படிக்கும் தமிழ்மதி அந்தத் தவளையைப் பிடித்தாள். அதுவரை யாரும் பேர் வைக்காத இனம். ஸ்பிரிட் பாட்டிலில் போட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்தாள். அட்டைக்குப் பயந்து காட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்காத அவளுடைய கைடு ஞானவேல், பாட்டிலை எடுத்துக்கொண்டுபோய்த் தன் பேரை மட்டும் போட்டுக் கட்டுரையை அச்சேற்றிவிட்டார்.

"என் பேரு எங்க சார்?"

"தவளை பிடிக்கிறதெல்லாம் கூலி வேலைம்மா. பட்டம் வேணும்னா வாயை மூடிட்டுக் கெட."

மூடிக்கொண்டாள். கட்டுரையில் 'அழகிய நீல நிறம்' என்று படித்தபோதும் திறக்கவில்லை. காட்டில் அது வாழையிலை மாதிரிப் பச்சை. ஸ்பிரிட்டில் ஊறினால் அந்தப் பச்சையில் கலந்திருக்கும் மஞ்சள் கரைந்துபோய் நீலம்தான் மிஞ்சும். பச்சைத் தவளையின் படம் அவள் செல்போனிலேயே இருக்கிறது. அந்த மனுஷன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்தானே காட்ட!

கொடைக்கானல் கருத்தரங்கில் அவர் நீலத் தவளைப் புராணம் பாடி முடித்ததும், தவளைகளோடே தலை நரைத்த பேராசிரியை ஒருவர் முன்வரிசையிலிருந்து எழுந்தார்.

"உயிரோட இருக்கிறப்பவும் நீலந்தானுங்களா? காட்டுல நீங்க பார்த்தீங்களா?"

ஞானவேலுக்கு அந்தக் குளிரிலும் வேர்த்துக் கொட்டியது. "தமிழ்மதி, எந்திரிச்சு நீ சொல்லும்மா."

அவள் எழுந்து மைக்கை வாங்கினாள்.

"கூலிக்காரிக்கு என்ன சார் தெரியும்? பேரு போட்டவருதான் சொல்லணும்."