நார்மல் ரத்தம்

ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் பதினான்கு வருஷமாகக் குப்பை கொட்டுகிறவள் அவள். கைக்குழந்தையின் நரம்பைக்கூட முதல் குத்திலேயே பிடித்துவிடுவாள். அப்பேர்ப்பட்ட கைக்காரி, கூடப்பிறந்த தம்பி விஷயத்தில் கோட்டைவிட்டாள் என்றால் யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

எட்டு மாதத்துக்கு முன் அங்கே ஒரு புதுப் பரிசோதனையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். பெருங்குடலில் புற்று இருந்தால் அதிலிருந்து உதிரும் துணுக்குகள் ரத்தத்தில் கலந்திருக்குமாம். மெஷின் அதை மோப்பம் பிடித்துவிடுமாம். இளவயதுக்காரர்களிடமும் பிடிக்குமா என்பதுதான் கேள்வி. அதற்கு நோயாளிகளின் ரத்தம் மட்டும் போதாது. நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். அதைப் பார்த்தால் மெஷின் வாயைத் திறக்கக் கூடாது. அந்த ரத்தத்துக்கு அங்கே ‘நார்மல்’ என்று பெயர். நார்மலுக்கு எங்கே போவது? வேலை செய்கிறவர்கள், அவர்களுடைய அண்ணன் தம்பி, மச்சான் என்று அகப்பட்டவர்களையெல்லாம் உட்காரவைத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஊசியைக் குத்தினார்கள்.

தம்பி அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் பழுதுபார்க்க வருகிறவன். வீட்டில் அவனுக்கு வாலு என்று பெயர். முப்பத்தொரு வயதாகி, ஒரு பெண் குழந்தைக்கு அப்பனாகியும் அந்த வால் அறுந்து விழவில்லை. ஒரு நாள் கிரீஸ் கையோடு அவள் முன்னால் வந்து நின்றான்.

“அக்கா, என் ரத்தத்தையும் எடுத்துக்கோயேன்.”

“போடா, உன் உடம்புல ரத்தமா ஓடுது? கிரீஸ்தான் ஓடும்.”

“அதையும்தான் பாத்துச் சொல்லு.”

தாளில் ‘வயிற்றில் தொந்தரவு ஏதாவது உண்டா?’ என்று ஒரு கேள்வி இருந்தது. அவனைக் கேட்காமலேயே ‘இல்லை’ என்று அவளே எழுதினாள். தம்பியைப் பற்றி அவளுக்குத் தெரியாதா என்ன!

மறுநாள் அவன் குப்பிக்கு மட்டும், புற்று இருக்கிறது என்று மெஷின் சிவப்பு காட்டியது. திரும்ப ஓட்டினாள். திரும்பவும் சிவப்பு.

“யாரோட நார்மல் இது?” என்றார் கூடத்தின் தலைவர்.

“என் தம்பிதான் சார். கல்லு மாதிரி இருக்கான். மெஷின்தான் உளறுது.”

அந்த வாரம் மெஷின் ஏற்கெனவே இரண்டு தடவை முரண்டு பிடித்திருந்தது. அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். ‘மெஷின் கோளாறு, ரத்த மாதிரி நீக்கப்பட்டது’ என்று அவள் பதிவேட்டில் எழுதினாள். குப்பியைக் கழிவுத் தொட்டியில் போட்டாள். பாவி, ஒரு வார்த்தை அவனிடம் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

இப்போது புற்று அவன் கல்லீரல்வரை போய்விட்டது. “கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா...” என்று பெரிய டாக்டர் இழுத்தபோது, எல்லா டாக்டரும் சொல்வதுதானே என்று மற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள். எவ்வளவு முன்னாடி என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி, மருந்து, பரிசோதனை என்று அவனுக்காக ஓடுகிறவள் அவள்தான். அவனோ வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “எங்கக்கா இல்லைன்னா நான் என்னைக்கோ போய்ச் சேந்திருப்பேன்” என்று பெருமையடித்துக்கொண்டிருந்தான். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. சொன்னால் தம்பி முகத்தைத் திருப்பிக்கொள்வான். சொல்லாமல் இருந்தாலோ, தனக்குத் தகாத இந்தப் பாசத்தை அவன் கடைசி நாள்வரை அவள் வாங்கித் தின்ன வேண்டும்.

ஆஸ்பத்திரியில் அவன் மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்த ஒரு மத்தியானம், அவள் தம்பியிடம் சொல்லிவிட்டாள். சிவப்பு, தொட்டி, தாளில் எழுதிய ‘இல்லை’, ஒன்றையும் விடவில்லை.

அவன் தன் கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்தைப் பார்த்தபடியே சொன்னான்.

“நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்கா.”

“என்னடா சொல்லியிருப்ப?”

“அப்பவே ரெண்டு மாசமா வெளிக்குப் போறப்ப ரத்தம் போயிட்டிருந்துச்சு. உன்கிட்ட போய் இதை எப்படிச் சொல்றதுன்னு வெக்கம். அதான் ரத்தத்தை எடுத்துக்கோன்னு வந்து நின்னேன். ஏதாவது இருந்தா நீயே காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போவேன்னு நெனச்சேன்.” மூச்சு வாங்கியது அவனுக்கு. “நீ ஒண்ணும் சொல்லல. அக்காவே சொல்லல, அப்போ ஒண்ணும் இருக்காதுன்னு விட்டுட்டேன்.”

மன்னிச்சிடுடா என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். வாசலில் மனைவியின் செருப்புச் சத்தம் கேட்டது.

“இதை அவகிட்ட சொல்லிடாத,” என்றான் அவசரமாக. “அவ உன்னை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டா. நான் போனப்புறம் அவளுக்கும் பாப்பாவுக்கும் உன்னை விட்டா யாருக்கா இருக்காங்க?”

மனைவி உள்ளே வந்தாள். “என்ன அண்ணி, முகம் ஒரு மாதிரி இருக்கு? நீங்க இப்படி உடைஞ்சு போனா நான் யாரைப் பாத்துத் தைரியமா இருக்கறது?” என்று அவள் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அவள் தம்பி மனைவியின் கையிலிருந்த மருந்துப் பையை வாங்கிச் சீட்டை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மருந்தாக எடுத்துச் சரிபார்க்க ஆரம்பித்தாள்.