ஒரு கேள்விக்கு ஒரு பிடி அரிசி

ஏசு உயிர்த்த பாஸ்குக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலம் வந்தால் எங்கள் தங்கச்சிமடத்தில் எல்லோரும் இறைச்சியை விட்டுவிடுவார்கள். அதில் என்ன தவம் இருக்கிறது என்று எனக்கு விளங்கியதே இல்லை. மீன்பிடிக்கிற வீட்டில் மற்ற நாளில் மட்டும் ஆட்டுக்கறியா கொதிக்கிறது? ஆனால் ஐம்பத்தேழாம் வருசம் பங்குச் சாமியார் என்னை விடச் சொன்னது வேறு. கேள்வியை.

எல்லாம் என் வாயால் வந்த வினை. தபசு தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முந்தின நாள், சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில், "அடுத்த வீட்டுச் சங்கதி தெரியலைன்னா எனக்குச் சோறு எறங்காது சாமி" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். மனிதர் அதையே பிடித்துக்கொண்டார். பாஸ்கு வரை யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. தவறிக் கேட்டால், ஒரு கேள்விக்கு ஒரு பிடி அரிசி ஏழைகளுக்கு.

முதல் நாளே பதினோரு பிடி போயிற்று. என் வீட்டுக்காரர் தொம்மை வலையை உதறிக்கொண்டே சிரித்தார்.

"இந்தா புள்ள, இப்படியே போனா பாஸ்குக்கு நாமதான் ஏழை. சாமியார் நமக்குத்தான் அரிசி குடுக்கணும்."

"சிரிக்கிற வாயில கெளுத்தி முள்ளு குத்த" என்றேன். அது கேள்வி இல்லை, சாபம். சாபத்துக்குத் தடை கிடையாது.

ஊர்ச் சங்கதியைக்கூட ஒரு வாரத்தில் விட்டுவிட்டேன். என்னைத் தின்றது என் மருமகள் சலேத்தம்மாள்தான். மகன் தனுஷ்கோடியில் கப்பல் சாமான் இறக்குகிறவன். சனிக்கிழமை ரயிலில்தான் வீட்டுக்கு வருவான். இவள் தினமும் மதியம் முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு, இரண்டு வீடு தள்ளியிருக்கிற ஜுனைதா வீட்டுக்குப் போனாள். அரை மணி கழித்து வெறும் கையோடு வந்தாள். என்ன கொண்டுபோகிறாள்? அங்கே அவளுக்கு என்ன வேலை? கேட்க முடியாமல் என் நாக்கு அரித்தது.

பயமும் இருந்தது. முந்தின வருசம் நாலாம் மாசத்தில் அவளுக்குப் பிள்ளை கலைந்தது. உடனே பாம்பனிலிருக்கும் அம்மா வீட்டுக்குப் போனவள் நாலு மாசம் வரவே இல்லை. சம்பந்திகள்தான் தூண்டிவிட்டார்கள் என்று நான் அவர்களை ஏசாத ஏச்சு இல்லை. இப்போது சேலை, பாத்திரம் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஜுனைதா வீட்டில் சேர்க்கிறாளோ என்று நினைத்தேன். இந்த முறை போனால் அவள் திரும்பமாட்டாள். என் மகனின் வாழ்க்கை அவ்வளவுதான்.

நாலாம் வாரம் இரண்டு பேரும் மணலில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். அவளே ஆரம்பித்தாள்.

"மாமி, தெனமும் நான் எங்க போறேன்னு நீங்க ஒரு நாளும் கேக்கலையே."

"எனக்கு எதுக்கு அதெல்லாம்" என்றேன். பச்சைப் பொய். அதற்குத் தனியாகப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும்.

கையிலிருந்த நெத்திலியைப் பரப்பி முடித்தாள். பிறகு, "மூணு மாசம் முடிஞ்சு பத்து நாளாச்சு மாமி" என்றாள். "ஜுனைதாக்கா வீட்டுலதான் கசாயம் காச்சிக் குடிக்கிறேன். மருந்துச் சரக்கைத்தான் மறைச்சு எடுத்துட்டுப் போவேன். இங்கன காச்சுனா வாசம் வரும். நீங்க கேப்பீங்க."

மீன் கூடையைத் தள்ளி வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"போன தடவை உங்ககிட்ட காலையில சொன்னேன். பொழுது சாயுறதுக்குள்ள கரை பூரா தெரிஞ்சுபோச்சு. கலைஞ்ச பெறகு தண்ணிக்கு வந்தவ, மீனுக்கு வந்தவ எல்லாரும் எதைத் தூக்குன, எப்படிக் கலைஞ்சதுன்னு கேட்டாங்க. எத்தன பேருக்கு மாமி நான் சொல்றது? அதான் அம்மா வீட்டுக்குப் போனேன்."

சம்பந்திகள் இல்லை. அவளை வீட்டை விட்டு விரட்டியது என் வாய். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்கவே கூசியது.

"இப்ப வலி கிலி எதுவும் இருக்கா ஆத்தா?"

கேட்டுவிட்டேன். எழுந்து உள்ளே போய் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தேன். அந்த ஒரு பிடிக்கு மட்டும் எனக்கு வருத்தமே இல்லை.

தொம்மையிடம்கூட நான் வாய் திறக்கவில்லை. பாஸ்கு அன்று காலையில் பூசை முடிந்து கோவில் வாசலுக்கு வந்ததும் நாலைந்து பெண்கள் வளைத்துக்கொண்டார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

"செபத்தி, ஒன் மருமக முகம் வெளுத்துக் கெடக்கே, என்ன விசேஷம்?"

"வெயிலு" என்றேன்.

பின்னாலிருந்து ஒரு கை என் கையைப் பிடித்தது. சலேத்தம்மாள். "நாலு மாசம் தாண்டியாச்சு. நீங்களே சொல்லுங்க மாமி" என்றாள் மெதுவாக.

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். எத்தனை நாளாக அடக்கி வைத்த வாய்! அழுகைதான் வந்தது, ஒரு வார்த்தையும் வரவில்லை. கடைசியில் அவளே எல்லோருக்கும் சொன்னாள்.