வேண்டாம் என்று சொல்லும் மரபணு

கடலடியில் முட்பந்து போல் ஊரும் கடல்முள்ளெலியின் முட்டைக்குள் ஊசி ஏற்றுவதில் ஊசியம்மாவை மிஞ்ச அந்த ஆய்வுக்கூடத்தில் ஆள் கிடையாது. முட்டை என்றதும் கோழிமுட்டையை நினைத்துக்கொள்ளக் கூடாது. தூளுப்பில் ஒரு துகளை எடுத்து, அதை நாலாக உடைத்தால் வருகிற பொடியளவு. அதை நுண்ணோக்கியின் கீழே வரிசையாக ஒட்டவைத்து, கண்ணாடிக் குழாயைச் சூட்டில் இழுத்துச் செய்த மயிரிழை ஊசியால் குத்தி, வெடிக்காமல் உள்ளே மருந்தை விட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் இருநூறு முட்டை. பதினொரு வருடமாக இதைச் செய்துவந்த அம்மாள் இன்னமும் தற்காலிக ஊழியர்தான். தற்காலிகம் என்கிற சொல்லுக்கு அந்த நிறுவனத்தில் அவ்வளவு ஆயுசு.

வருடா வருடம் வேலை நீட்டிப்புத் தாளில் இயக்குநர் கையெழுத்துப் போட வேண்டும். இந்த வருடத்துத் தாள் அவர் மேஜையில் மூன்று வாரமாகக் கிடந்தது. இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்தாகாவிட்டால் அம்மாள் வீட்டுக்குப் போகலாம்.

"வியாழக்கிழமை குழு வந்துட்டுப் போகட்டும். அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் இயக்குநர்.

மதிப்பீட்டுக் குழு வருவது இயக்குநரின் மரபணுவைப் பார்க்க. அவருடையது என்றால் அவர் உடம்பில் இருப்பது அல்ல, அவர் கண்டுபிடித்தது. அதற்கு 'அரசன்' என்று பெயர் சூட்டி, சுவரளவு படம் ஒன்று அச்சிட்டு, மரபணுவின் தலையில் தங்கநிறக் கிரீடமும் வரைய வைத்திருந்தார். படத்தின் மூலையில் அவருடைய புகைப்படமும் இருந்தது. கிரீடம் எதன்மேல் இருக்கிறது என்று சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவர்களுக்குக் குழப்பம் வரக்கூடிய அளவுக்கு இரண்டும் நெருக்கம்.

விஷயம் இதுதான். கருவுற்ற முட்டை இரண்டாகும், நாலாகும், எட்டாகும், பதினாறாகும். பதினாறில் அடியில் இருக்கும் நாலு மட்டும் குள்ளமாக, ஒட்டிப்பிறந்த கடைக்குட்டிகள் மாதிரி இருக்கும். அந்த நாலின் வாரிசுகள்தான் கொத்தனார்கள். கருவுக்குள் இறங்கி, சுண்ணாம்பைச் சேர்த்து, குஞ்சுக்கு எலும்புக்கூடு கட்டுவார்கள். அரசன் மரபணு அந்த நாலு செல்லில் மட்டும் விழித்திருக்கும். அதை முடக்கும் மருந்தை ஊசி வழியாகச் செலுத்தி வாய்ப்பூட்டுப் போட்டால் எலும்புக்கூடு வராது. ஆகவே அரசன் ஆணையிடுகிறான், கொத்தனார் கட்டுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார் இயக்குநர்.

ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் சளைக்காமல் வேலைசெய்யும் இன்னொரு மரபணுவும் இருந்தது. இயக்குநர் அதற்கு வைத்த பெயர் 'எடுபிடி'.

"எல்லா இடத்துலயும் இருக்கிறவனுக்கு என்னம்மா மரியாதை? அவனுக்கும் ஒரு வாய்ப்பூட்டுப் போட்டுக் காட்டிடுங்க. ஒண்ணும் ஆகாதுன்னு குழுவுக்குத் தெரியட்டும். படத்துல ஒரு சின்னக் கட்டம் காலியா இருக்கு" என்றார் திங்கட்கிழமை.

அன்றைக்கு ஊசியம்மாவின் கையில் அருமையான முனை ஒன்று அமைந்துவிட்டது. இழுக்கிற கண்ணாடி ஊசியில் பத்துக்கு ஒன்பது மொண்ணையாகவோ கோணலாகவோதான் உடையும். முட்டை நோகாமல் இறங்குகிற முனை மாதத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். முதல் தட்டில் அரசனுக்கு வாய்ப்பூட்டுப் போட்டாயிற்று. அடுத்த தட்டு எடுபிடிக்கு. ஊசியை மாற்ற வேண்டும். மாற்ற மனம் வரவில்லை. மிச்ச மருந்தை ஊதித் தள்ளிவிட்டு அதே ஊசியில் எடுபிடியின் மருந்தை ஏற்றி, இருநூறு முட்டையையும் குத்தி முடித்தார்.

செவ்வாய்க்கிழமை காலை குளிர்பெட்டியிலிருந்து தட்டுகளை எடுத்தார். முதல் தட்டில் கருக்கள் எலும்பில்லாமல் வெறும் பலூன்களாக மிதந்தன. எதிர்பார்த்ததுதான். இரண்டாவது தட்டை நுண்ணோக்கியின் கீழே வைத்தார்.

கருவுக்குள் தோல் இல்லை, குடல் இல்லை, அடைத்துக்கொண்டு கொத்தனார்கள். ஏறக்குறைய எல்லாச் செல்லும் கொத்தனாராகிவிட்டிருந்தது. சுண்ணாம்புக் குச்சிகள் கண்டபடி மின்னின. மேஸ்திரி இல்லாத கட்டடத்தில் ஊரே கரண்டியோடு இறங்கியது போல.

அதைவிட ஒன்று. அரசனின் மருந்தில் சிவப்புச் சாயமும் எடுபிடியின் மருந்தில் பச்சைச் சாயமும் கலந்திருப்பார்கள், எது உள்ளே போனது என்று தெரிய. இந்தத் தட்டில் பச்சை மட்டும் ஒளிர வேண்டும். சிவப்பும் ஒளிர்ந்தது. ஊதித் தள்ளியது போதவில்லை. அப்படியானால் இந்தக் கருக்களில் அரசனின் வாயும் பூட்டியிருக்கிறது. அரசன் ஊமை. ஆனால் கட்டட வேலை தடபுடலாக நடக்கிறது.

இயக்குநரிடம் போய்ச் சொன்னார். தவறையும் மறைக்கவில்லை.

"அழுக்கு ஊசி, அழுக்கு முடிவு" என்றார் இயக்குநர். கண்ணாடி முன்னால் நின்று உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பவும் இல்லை. "தட்டைக் கழுவி வைங்க."

"சார், ராஜா இல்லாமலே கட்டுறாங்களே..."

"வியாழக்கிழமை மேஜையில ரெண்டே தட்டுதான் இருக்கணும். சாதாரணக் கரு ஒண்ணு, ராஜா இல்லாத கரு ஒண்ணு. மூணாவதுன்னு ஒண்ணு இருந்துச்சு..." மேஜைக்கு வந்து, நீட்டிப்புத் தாளின் மேல் காகித எடையை மெதுவாக நகர்த்தி வைத்தார். மீதியை எடையே சொல்லிவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அம்மாள் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கணவர் லிஃப்ட் மெக்கானிக். எண்ணெய் போகாத விரல்களால் செய்தித்தாளை மடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன, முட்டைக்குள்ள போயிட்டியா?"

"ஏங்க, ஒருத்தரு இருந்தாத்தான் வேலை நடக்குது. அவரு இல்லேன்னா நடக்கல. ஆனா அவரோட சேத்து இன்னொருத்தரையும் தூக்கிட்டா, வேலை பிச்சுக்கிட்டுப் போகுது. எப்படிங்க?"

"எங்க ஆபீஸ்லயா, உங்க ஆபீஸ்லயா?"

"கருவுலங்க!"

அவர் கொஞ்சம் யோசித்தார். "லிஃப்டுல கரண்ட் போனா என்ன ஆகும், சொல்லு."

"தொபுக்கடீர்னு விழும்."

"அதான் எல்லாரும் சாமி கும்பிட்டுக்கிட்டே ஏறுறாங்க. விழாதும்மா. பிரேக்கு எந்நேரமும் ஸ்பிரிங்கால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேதான் இருக்கும். பிரேக்குக்குக் கரண்ட் வந்தா, அந்தப் பிடி விடும். அப்பதான் வண்டி நகரும்."

"அப்ப அந்தக் கரண்ட் வண்டியத் தூக்கல?"

"தூக்குறது மோட்டாரு. இது பிடிச்சிருக்கிறவனை விடச் சொல்லுது, அவ்வளவுதான்."

அம்மாள் கையில் எடுத்த கவளம் பாதி வழியில் நின்றது. "பிரேக்கையே கழட்டிட்டா?"

"கரண்டே வேணாம், வண்டி தானா ஓடும். நான் ஜெயிலுக்குப் போவேன்."

"எடுபிடிதாங்க பிரேக்கு!" என்று அம்மாள் எழுந்தே விட்டார். "எல்லாச் செல்லுக்கும் கட்டத் தெரியும். எடுபிடி ஒவ்வொண்ணுலயும் உக்காந்துக்கிட்டு வேண்டாம், வேண்டாம்னு சொல்லிக்கிட்டு இருக்கான். ராஜா அந்த நாலு செல்லுல அவன் வாயை மட்டும் பொத்துறாரு. வேற ஒரு வேலையும் செய்யல!"

"இதை உங்க ராஜாகிட்டச் சொல்லப் போறியா?"

பதினொரு வருடச் சம்பளம் அந்தக் கேள்விக்குள் உட்கார்ந்திருந்தது.

ஆனால் புதன்கிழமை காலையில் கால் தானாகவே தொட்டியறைக்குப் போயிற்று. கடல்முள்ளெலிகளைப் பார்த்துக்கொள்கிற தொட்டிக்காரரிடம் நாலு உருப்படி வாங்கி, முட்டையெடுத்து, இந்தத் தடவை ஒழுங்காகச் செய்தார். மூன்று தட்டு, மூன்று புது ஊசி. ஒன்றில் சிவப்பு மட்டும், ஒன்றில் பச்சை மட்டும், மூன்றாவதில் இரண்டையும் அளந்து கலந்து. கோணல் முனைகளால் பாதி முட்டை வெடித்தது. பரவாயில்லை. அழுக்கு ஊசி என்று இனி யாரும் வாயைத் திறக்க முடியாது. எதற்காகச் செய்தோம் என்று தன்னையே கேட்டபோது, தெரிந்துகொள்ளத்தான், காட்டுவதற்கு அல்ல என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

வியாழக்கிழமை குழு வந்தது. மூன்று பேர். இரண்டு பேர் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள். மூன்றாமவர், தடித்த கண்ணாடி போட்ட அம்மையார், படத்தைப் பார்க்காமல் நேராக நுண்ணோக்கியில் போய் உட்கார்ந்தார். இயக்குநர் 'ஆட்சி', 'ஆணை', 'தலைமை' என்று முப்பது நிமிடம் முழங்கினார். கடல்முள்ளெலியைப் பற்றிப் பேசுகிறாரா, அடுத்த பதவிக்கு விண்ணப்பிக்கிறாரா என்று தெரியவில்லை.

"ராஜா இல்லேன்னா எலும்பு வரல. சரி" என்றார் கண்ணாடி அம்மையார், கண்ணை எடுக்காமலே. "அவரு நேரா உத்தரவு போடுறாரா, நடுவுல யாராவது இருக்காங்களா?"

"நேரடி ஆட்சி, மேடம்!"

"இதெல்லாம் ஊசி போட்டது யாரு?"

ஓரமாக நின்ற ஊசியம்மா கையைத் தூக்கினார்.

"நீங்க என்னம்மா நினைக்கிறீங்க?"

இயக்குநர் புன்னகையோடு அவரைப் பார்த்தார்; புன்னகையில் பல் மட்டும் இருந்தது. 'சார் சொன்னதுதான்' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், தாளில் கையெழுத்து விழுந்துவிடும். ஆனால் காலையில்தான் பார்த்திருந்தார்: கலந்து போட்ட தட்டில் நூறு கருக்கள், நூறிலும் கொத்தனார்கள், ராஜா இல்லாமலே. அதை இதுவரை இவர் ஒருவர்தான் பார்த்திருக்கிறார். இன்னொரு கண் பார்க்காமல் அது கழுவப்படும் என்கிற நினைப்பை அவரால் தாங்க முடியவில்லை.

"இன்னும் ரெண்டு தட்டு இருக்கு, மேடம்" என்றார்.

கண்ணாடி அம்மையார் பார்த்தார். மறுபடி பார்த்தார். சிவப்பு விளக்கைப் போட்டார், பச்சை விளக்கைப் போட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஐயோ, எல்லாருமே கட்டுறாங்களே! அப்ப ராஜா கட்டச் சொல்லல. வேண்டாம்னு சொல்றவனைச் சும்மா இருன்னு சொல்றாரு."

"ஆமா மேடம். அதுவும் நாலே நாலு எடத்துல."

எல்லார் கண்ணும் கிரீடத்தின் பக்கம் திரும்பியது. இயக்குநர் பத்து மூச்சு விடுகிற நேரம் பேசவில்லை. அந்த நிறுவனத்தின் வரலாற்றில் அது ஒரு சாதனை. பதினோராவது மூச்சில் நெஞ்சை நிமிர்த்தினார்.

"இதைத்தான் நான் ரொம்ப வருஷமா சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன். அதனாலதான் எடுபிடிக்கும் வாய்ப்பூட்டுப் போடச் சொன்னது. 'இரட்டை மறுப்புக் கோட்பாடு'ன்னு பேரும் வெச்சிருக்கேன்."

"எப்ப வெச்சீங்க?" என்றார் கண்ணாடி அம்மையார்.

"கொஞ்ச... காலமாவே, மேடம்."

குழு போன பிறகு ஊசியம்மாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அம்மாள் வேலை போயிற்று என்று முடிவுகட்டி, கைப்பையையும் தோளில் மாட்டிக்கொண்டே போனார்.

"உக்காருங்க. குழு அறிக்கை கேக்குது. இந்த யோசனை எனக்கு எப்படித் தோணுச்சுன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க."

ஊசியம்மா உட்காரவில்லை. மேஜையில் இருந்த காகித எடையைத் தானே நகர்த்தி, தாளை அவர் முன்னால் இழுத்து வைத்தார்.

"முதல்ல இதுல கையெழுத்து, சார். நான் வேலையில இல்லேன்னா யாரு எழுதுறது?"

இயக்குநர் தாளைப் பார்த்தார், அம்மாளைப் பார்த்தார், சுவருக்கு அந்தப்பக்கம் தட்டுகள் இருந்த குளிர்பெட்டியின் திசையைப் பார்த்தார். 'ஒரு வருடம்' என்று இருந்ததை அடித்து 'ஆறு மாதம்' என்று எழுதி, கையெழுத்தை வழக்கத்தைவிடப் பெரிதாகப் போட்டார்.

தாளைப் பையில் வைத்துக்கொண்டு அம்மாள் நேராகத் தொட்டியறைக்குப் போனார். தொட்டிக்காரர் முழங்கை வரை உப்புத்தண்ணீரில் இருந்தார்.

"அண்ணே, நாளைக்குப் பத்து உருப்படி வேணும்."

"கையெழுத்து கிடைச்சுதா, இல்லையா? அதைச் சொல்லு தங்கச்சி மொதல்ல."

"ஆறு மாசம்."

"ஆறு மாசமா! சரி, இப்ப யாரைப் பிடிக்கப் போறே?"

"அந்த நாலு குட்டிச் செல்லுல மட்டும் ராஜாவை எழுப்பிவிட்டது யாருன்னு பாக்கணும். மத்த பன்னெண்டுலயும் ஏன் தூங்குறாருன்னு."

"டைரக்டர் ரூமுல போய் ரெண்டு தட்டுத் தட்டினா எழுந்துடுவாரே."

"அந்த ராஜா இல்லண்ணே" என்று ஊசியம்மா பக்கத்தில் கிடந்த வாளியைத் தூக்கி அவர் முன்னால் நீட்டினார்.