கழுதைப்புலிக்கு வந்த முகம்

துணியை உருவினார்கள். யாரும் கைதட்டவில்லை.

மேடையில் நின்ற இரண்டு பெண்களும் துணியின் நுனியை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி, சிரித்த முகம் மாறாமல் கூட்டத்தைப் பார்த்தார்கள். கூட்டம் வண்டியைப் பார்த்தது. வொஸ்லூரஸில் டயர் புகையக் காரை வட்டமடித்துச் சுழற்றி வேடிக்கை காட்டும் அந்த வட்ட மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இவ்வளவு பேர் வாயைத் திறக்காமல் நின்றதே கிடையாது.

"என்னடா இது, மைக்ரோவேவுக்குச் சக்கரம் வெச்சிருக்காங்க?" என்றான் வேலியோரம் நின்ற ஒருவன்.

மடை உடைந்தது.

"கண்ணக் காணோமேடா! நோண்டிட்டாங்களா?"

"வாயப் பாரு, பல்செட்டு கட்டின முதலை மாதிரி!"

"முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னு யாராவது எழுதி ஒட்டுங்கப்பா!"

டிசேபோ மோக்வெனா சிரிக்கவில்லை. கூடாரக் கம்பத்தில் தோளைச் சாய்த்து நின்றிருந்தவள் நிமிர்ந்தாள். யாரோ தன் வீட்டுக்குள் புகுந்து சாமான்களை மாற்றி வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது அவளுக்கு.

அந்தக் காரின் பழைய வடிவத்துக்குக் கம்பெனி வைத்த பெயர் ஏதோ ஓர் எழுத்தும் இரண்டு எண்ணும். வொஸ்லூரஸ், கட்லெஹோங் பக்கம் அதை யாரும் சொன்னதில்லை. முன்தோள் உயர்ந்து, பின்புறம் தரையோடு பதுங்கி அது நிற்கும் தோரணையைப் பார்த்து எந்தப் புண்ணியவானோ ஒருநாள் 'ம்பிஸி' என்றான். கழுதைப்புலி. அதுவே நிலைத்துவிட்டது. முன்னால் நாலு உருண்டை விளக்குக் கண்கள், உள்ளே வேகம் காட்டும் முள் துடிக்கும் இரண்டு வட்டங்கள், பிடித்து இழுத்தால் பிடரியைப் பிடித்ததுபோல் பின்சக்கரத்தை நிறுத்தும் ஹேண்ட்பிரேக். ம்பிஸி என்றால் இவ்வளவுதான். இவ்வளவும் வேண்டும்.

டிசேபோ தன் வெள்ளை ம்பிஸியை வாங்கியது இளவயதில். கூடாரம், நாற்காலி, ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது அவள் தொழில். கல்யாணத்தைவிடச் சாவுக்குத்தான் அதிகம் கேட்பார்கள். ம்பிஸிக்காரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதில் யாராவது செத்தால் இடுகாட்டுக்கு வெளியே வண்டியைச் சுழற்றி டயர்ப் புகையில் வழியனுப்புவார்கள். பந்தலும் டிசேபோவுடையது, புகையும் அவளுடையது என்று ஊரில் ஒரு பேச்சு. இன்றைய விழாவுக்கும் பந்தல் அவளுடையதுதான். புது ம்பிஸியை முதலில் ஊராருக்குக் காட்டுகிறோம் என்று கம்பெனி கேட்டபோது, பழக்கத்துக்காக வாடகையைக்கூடக் குறைத்துக்கொண்டாள்.

மேடையின் பெரிய திரையில் படம் ஓட ஆரம்பித்தது. புது வண்டி மலைச்சாலையில் வழுக்கிக்கொண்டு போனது. வயலின் ஒலித்தது. பிறகு ஒரு பெண் குரல் கேட்டது.

"இது எங்க வண்டி. இதவிட அழகா ஒண்ண எவனாலயும் செய்ய முடியாது. தொட்டுப் பாருங்க, உசுரு இருக்குது."

டிசேபோவுக்கு முதலில் யார் குரலென்றே புரியவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் தன்னைத் திரும்பிப் பார்த்தபோதுதான் உறைத்தது. அது அவள் குரல்.

இரண்டு வருஷத்துக்கு முன் சாண்டனில் ஒரு ஹோட்டலுக்குச் சங்கத்துக்காரர்களைக் கூப்பிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பையன் மேசைமேல் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, "என்ன மாற்றலாம், என்ன மாற்றக்கூடாது?" என்று கேட்டான். டிசேபோ தன் வெள்ளை வண்டியை நினைத்துக்கொண்டு சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேசினாள். கண்ணைத் தொடாதே, முள்ளைத் தொடாதே, ஹேண்ட்பிரேக்கில் கை வைத்தால் கையை ஒடிப்பேன் என்றாள். அவன் சிரித்துச் சிரித்துக் குறித்துக்கொண்டான்.

தொடாதே என்ற அத்தனையையும் தொட்டுவிட்டு, அவள் பாராட்டை மட்டும் வெட்டியெடுத்துப் புதுசின்மேல் ஒட்டியிருந்தார்கள்.

"அவுசி, நீங்களுமா?" என்றான், எல்லோரையும்போல அவளை 'அவுசி', அக்கா என்று கூப்பிடும் சங்கத்துப் பையன் ஒருவன், நம்ப முடியாதவன்போல. இன்னொருவன் அதுகூடக் கேட்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதுதான் அவளைச் சுட்டது.

விறுவிறுவென்று மேடைப் பக்கம் போனாள். விழாவை நடத்திக்கொண்டிருந்த கன்யீசா, கம்பெனியின் விளம்பரப் பிரிவில் பெரிய ஆள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். டிசேபோ வருகிற வேகத்தைப் பார்த்ததுமே இரண்டு கையையும் உயர்த்தினாள்.

"அவுசி டிசேபோ, கோவப்படாதீங்க. முதல்ல கேளுங்க."

"என் குரல எப்படி அந்தப் பொணத்துமேல போட்ட?"

"அன்னைக்கு எல்லாரும் கையெழுத்து போட்டீங்க. பதிவ எதுக்கு வேணாலும் பயன்படுத்தலாம்னு..."

"நான் என் வண்டியப் பத்திப் பேசினேன். இந்தச் சனியன் அன்னைக்குப் பொறக்கவே இல்லையே!"

கன்யீசா குரலைத் தாழ்த்தினாள். "நீங்க சுத்துறதப் பாக்க வேலி ஏறிக் குதிச்சவ நான். எனக்கு மட்டும் இது புடிச்சிருக்குன்னு நெனைக்கிறீங்களா? உருண்டை லைட்டுக்கு எவ்வளவோ சண்டை போட்டேன். அங்க மேல இருக்கறவங்க முடிவு பண்ணிட்டாங்க."

"யாரு முடிவு பண்ணாங்கன்னு நான் கேக்கல. யாரு வாயில வந்துச்சுன்னு கேக்கறேன்."

"ஒரு தடவ ஓட்டிப் பாருங்க. அப்புறமா திட்டுங்க. நியாயமா இருக்கும்ல?"

நியாயம் என்ற சொல் டிசேபோவை நிறுத்தியது. ஓட்டாமல் ஒரு வண்டியைத் திட்டினாள் என்ற பேர் அவளுக்கு வேண்டாம். "சாவியக் கொடு" என்றாள். சாவி இல்லை, அட்டைதான் என்றார்கள். அதுவே போதும், பாதி உயிர் போயிற்று.

உள்ளே உட்கார்ந்தாள். இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுவரை ஒரே கறுப்புக் கண்ணாடித் திரை. முள் எதுவும் இல்லை. பொத்தான் எதுவும் இல்லை. ஹேண்ட்பிரேக் இருக்க வேண்டிய இடத்தில் கையை விட்டாள். குளிர்பானம் வைக்கும் குழி இருந்தது.

போதாக்குறைக்கு, வண்டிக்குள் நடப்பது ஊருக்கெல்லாம் தெரியட்டும் என்று காரின் திரையை மேடைத் திரையோடு இணைத்திருந்தார்கள்.

வட்டத்துக்குள் இறக்கி வேகமெடுத்தாள்; மூடிய கண்ணாடிக்குள் எஞ்சின் சத்தம் கேட்கவில்லை, வெளியே ஒலிபெருக்கிப் பாட்டு அதை விழுங்கியது. ஸ்டீயரிங்கை ஒடித்தாள். பின்புறம் நழுவ ஆரம்பித்த கணமே வண்டி தானாக பிரேக் போட்டு நின்றது. இனிமையான பெண் குரல் ஒன்று ஆங்கிலத்தில், "உங்கள் கவனம் சிதறுகிறது. சற்று ஓய்வெடுங்கள்" என்றது. திரையில் ஆவி பறக்கும் காபிக் கோப்பை வந்தது. மேடையின் பெரிய திரையிலும், ஆள் உயரத்துக்கு, அதே கோப்பை.

ஊரே ஊளையிட்டது.

"அவுசி, என் காபியில ரெண்டு கரண்டி சக்கரை போடுங்க!"

பல்லைக் கடித்துக்கொண்டு, வண்டியை நழுவவிடாமல் நிறுத்தும் அந்தக் காவல் ஏற்பாட்டை அணைக்கத் திரையில் தேடினாள். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று திறந்தது, அதற்குள் இன்னொன்று. விரல் வியர்த்திருந்தது. ஒரு தடவை தவறித் தொட்டதில் வானொலி பாடியது. இன்னொரு தடவை தொட்டதில் இருக்கை உயிர்பெற்று அவள் முதுகை மெதுவாகப் பிடித்துவிட ஆரம்பித்தது. நட்டநடு வட்டத்தில், நின்றுபோன வண்டிக்குள், எத்தனையோ பேரை அழவைத்தும் ஆடவைத்தும் அனுப்பிய டிசேபோ மோக்வெனா முதுகு பிடித்துவிடப்பட்டுக்கொண்டிருந்தாள். 'மசாஜ்: மிதமானது' என்று மேடைத் திரை ஊருக்கு அறிவித்தது.

அவள் இறங்கினாள். கதவை ஓங்கிச் சாத்தப் பார்த்தாள். அது சாத்த விடாமல் தானாக, மெத்தென்று மூடிக்கொண்டது. அதற்கும் சேர்த்து அவளுக்கு வெறி ஏறியது.

நேராகப் பந்தலுக்கு வந்தாள். அறிவிப்பாளன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள். மைக்கும் அவளுடையதுதானே.

"எல்லாரும் கேட்டுக்கங்க. படத்துல பேசினது என் குரல்தான். ஆனா இந்த வண்டியப் பத்தி இல்ல. அந்தா நிக்குதே என் வெள்ளை, அதப் பத்தி. இவங்க நம்மள உக்காரவெச்சு, என்ன வேணும்னு கேட்டு, சாண்ட்விச் குடுத்து அனுப்பினாங்க. வேணாம்னு சொன்னத எல்லாம் செஞ்சாங்க. நான் வாயில நல்ல வார்த்தை வெச்சிருந்தேன், அத மட்டும் திருடிக்கிட்டாங்க." மூச்சு வாங்கினாள். "ட்சிடிசோ! நாற்காலிய மடி!"

அவளிடம் பத்து வருஷமாகக் கூடாரம் கட்டும் ட்சிடிசோ காதில் விழாதவன்போல நின்றான்.

"அவுசி, ஆளுங்க உக்காந்திருக்காங்களே."

"எழுந்திருக்கச் சொல்லு!"

முன்வரிசையில் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்த கம்பெனி விருந்தாளிகள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். வெள்ளை உறை போட்ட நாற்காலிகள் படபடவென்று மடிந்தன. கயிறு அவிழ்ந்தது. பந்தல் ஒருபக்கம் சரிய, வெயில் பளீரென்று அவர்கள் தலைமேல் விழுந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த இருவர் கையால் நெற்றியை மறைத்துக்கொண்டு, என்ன நடக்கிறது என்று கன்யீசாவைக் கேட்டார்கள். அவள் தரையைப் பார்த்தபடி ஏதோ சொன்னாள்.

அப்போதுதான் ப்ரா ஸ்வேலி குறுக்கே வந்தார். ஊருக்கே 'ப்ரா', அண்ணன். சங்கத்துத் தலைவர், கட்லெஹோங்கில் ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவர். டிசேபோ வட்டத்தில் முதன்முதலாக இறங்கியபோது, பெண் பிள்ளைக்கு எதற்கு இது என்று கத்தியவர்களை வாயடக்கியவர்.

"போதும் டிசேபோ. விருந்துக்கு வந்தவங்கள வெயில்ல நிறுத்தறது நம்ம பழக்கமா?"

"நம்ம பேர வித்தது யாரு பழக்கம், ப்ரா?"

"வண்டி மாறத்தான் செய்யும். எனக்கு அறுபத்தேழு வயசு. கழுத்து திரும்பல. பழசுல பின்னாடி எடுக்க நான் படற பாடு உனக்குத் தெரியாது. இதுல கேமரா இருக்கு, திரையில தெரியுது. எனக்கு..." கொஞ்சம் தயங்கினார். "நான் ஒரு வண்டிக்குச் சொல்லி வெச்சிருக்கேன்."

"எப்ப?"

"போன மாசம். படத்த எனக்குக் காட்டினாங்க."

"என் குரலோடயா?"

அவர் மெல்லத் தலையாட்டினார்.

"தெரிஞ்சிருந்தும் வாயத் திறக்கல, இல்ல? இவ்வளவு பேர் முன்னாடி அந்த வண்டி என் முதுகப் பிடிச்சுவிட நான் உக்காந்தப்பவும் திறக்கல. கேமரா வேணும்னா பஸ் வாங்குங்க ப்ரா! அதுல எல்லாப் பக்கமும் கண்ணாடி இருக்கு!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கிழவரின் முகம் சுருங்கியது. சிரிப்பை வாங்கித்தந்தது தவறென்று டிசேபோவுக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. கடைசிக் கம்பத்தையும் லாரியில் ஏற்றிவிட்டுத்தான் போனாள்.

அவள் மைக்கில் பேசியதைப் பலரும் கைபேசியில் பிடித்திருந்தார்கள். அது டாக்ஸிக்கு டாக்ஸி பரவியது. காபிக் கோப்பையும் பரவியது. சில வாரங்களில் கம்பெனி படத்திலிருந்து அவள் குரலை எடுத்துவிட்டு வேறு யாரையோ பேசவைத்தது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. கன்யீசா மட்டும் ஒருநாள் போன் செய்து, "எடுத்துட்டோம் அவுசி" என்றாள். "நல்லது" என்று வைத்துவிட்டாள் டிசேபோ. புது வண்டி பணக்காரப் பேட்டைகளில் நன்றாகவே விற்றது. அங்கே அதை யாரும் சுழற்றுவதில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடத்தான் எடுத்தார்கள்.

குளிர்காலம் முடிந்த ஒரு ஞாயிறு, சங்கத்துக்காரர்கள் வழக்கம்போல வண்டிகளைக் கழுவி வரிசையாக நிறுத்தி, இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார்கள். ப்ரா ஸ்வேலி வந்தார், புது வண்டியில். அன்றைக்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் தலைகாட்டுவது அதுவே முதல் தடவை. வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. வண்டியை மெதுவாக அதன் பக்கம் திருப்பினார்.

டிசேபோ கரண்டியோடு போய் நடுவில் நின்றாள்.

"நீங்க வாங்க ப்ரா. உக்காருங்க, சாப்பிடுங்க. அது இந்த வரிசையில நிக்காது."

கண்ணாடி இறங்கியது. "இன்னுமா உனக்குக் கோவம்?"

"இன்னும்தான்."

அவர் கண்ணாடியை ஏற்றினார். பிறகு வண்டியைக் கழிப்பறைச் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். டிசேபோ ஒரு தட்டில் பாப் களி வைத்து, காரமான சக்கலக்காவை ஊற்றி, பெரிய துண்டாக இறைச்சி போட்டுக் கொடுத்தாள். அவர் நின்றுகொண்டே சாப்பிட்டார். ஒருவர் மழையைப் பற்றிப் பேசினார். வண்டியைப் பற்றி யாரும் பேசவில்லை.

சாயங்காலம் அவர் கிளம்பினார். வாசலைத் தாண்டியதும், பழைய பழக்கத்தில், ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை மிதித்தார்.

அந்தச் சத்தம் வந்தது. அடிவயிற்றிலிருந்து கரகரவென்று ஏறி, உச்சியில் உடைகிற சத்தம். பழைய ம்பிஸியின் அதே எஞ்சின், ஒரு திருகாணியைக்கூட மாற்றாமல். பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். டிசேபோவின் கைமயிர் எழுந்து நின்றது.

அவளுக்கு அழுகையாக வரும் என்றுதான் நினைத்தாள். வரவில்லை. கரண்டியைத் தட்டில் எறிந்தாள்.

"பாவிங்களா! உயிரோட இருக்கறத உள்ள வெச்சுக்கிட்டா இப்படிப் பண்ணாங்க?"